முதற் சொல்

திரையில் "வாறன்" என்ற சொல் தோன்றியது. தோன்றிய கணத்திலேயே சாளரம் மூடிக்கொண்டது.

வளையிலிருந்து தலைநீட்டிய நண்டு ஆளைக் கண்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது போல இருந்தது.

எடித் விருந்தாளியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் விசையை மீண்டும் அழுத்தினாள். மீண்டும் "வாறன்". மீண்டும் வெறுந்திரை.

விருந்தாளி சிவபாக்கியம், இலுப்பைக்கடவையிலிருந்து பேருந்து மாறித் தோட்டவெளிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை. தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்குவதற்கு அவளுக்கு ஒரு கணினிமொழி வேண்டியிருந்தது. எடித்தின் மொழி பிடித்தால் அதையே எடுத்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால், மற்றப் பாடசாலைகள் எடுத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் நிறைந்த மொழி இருக்கவே இருக்கிறது. இன்றைக்கே முடிவு சொல்லும்படி அதிபர் கேட்டிருந்தார்.

எடித்தும், சிலாவத்துறையில் இருக்கும் அவள் நண்பன் வஸீரும் வேலை முடிந்த மாலைகளில் கட்டியெழுப்பிய தமிழ்க் கணினிமொழி அது. அதை அறிந்தவர்கள் இவ்வுலகில் அவர்கள் இருவர் மட்டுமே. மூன்றாமவர் இப்போது எதிர்க் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மொழியில் எழுதிய வரிகளைப் படித்து, அவற்றின்படி நடப்பதற்கென்று ஒரு நிரல் உண்டு. ஒவ்வொரு முறை எழும்போதும் அது புதிதாய்ப் பிறந்த பிள்ளைதான். எது மெய், எது பொய், எந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் முதலில் அதன் காதில் ஓதியாக வேண்டும். ஓதுவது தொடக்க நிரலின் வேலை.

அதைக் கையால் எழுதினால் பிழை விழும் என்று, எடித் வகுத்த சொற்களையும் வஸீர் வகுத்த சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தொடக்க நிரலைத் தானே ஆக்கித் தரும் ஒரு கருவியையும் செய்திருந்தார்கள். தனித்தனியே சோதித்தபோது இருவர் பக்கமும் சரியாகவே இருந்தது. இன்று காலைதான் முதன்முறையாக இரண்டையும் சேர்த்து ஆக்கியிருந்தாள்.

பிழை என்றால் ஒரு சிவப்பு வரியாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

வஸீரைத் தொலைபேசியில் அழைத்தாள். தன் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். உப்புக் காற்றுக்கு அவளுடைய கணினி கருவாடாகிவிட்டது என்று கேலியும் செய்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வாறன்" என்ற முகமன் ஒழுங்காகத்தான் வருகிறது, அதற்குப் பின்னால்தான் ஏதோ அறுந்துவிழுகிறது என்று எண்ணி, பின்னால் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி ஆக்கிப் பார்த்தாள். பயனில்லை.

ஒழுங்கையில் ஒரு கழுதை நீளமாகக் கத்தி ஓய்ந்தது. சிவபாக்கியம் கோப்பையைக் கீழே வைத்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லப்போகிறாள் என எடித் நினைத்தாள்.

"நல்ல பழக்கம்தான் பழக்கியிருக்கிறியள், அக்கா. ஒவ்வொருமுறையும் சொல்லிப்போட்டுத்தானே போகுது."

எடித்தின் கை விசையின்மேல் அப்படியே நின்றது.

வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டால் உள்ளேயிருந்து "வாறன்" என்று குரல் வரும். எழுப்பியதும் தன் மொழியும் அப்படிக் குரல் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அச்சொல்லை முகமனாக வைத்தவள் அவள். காலை முழுவதும் வந்துகொண்டிருக்கும் ஒருவரின் குரலாகவே அது அவளுக்குக் கேட்டது.

வெளியேறுவதற்கு என்ன சொல் வைத்தாய் என்று, இன்னும் இணைப்பிலிருந்த வஸீரிடம் கேட்டாள்.

"வேறென்னத்தை வைக்கிற? 'போறன்' எண்டு சொல்லிட்டு ஆராவது வீட்டை விட்டு வெளிக்கிடுவாங்களா?"

கருவியின் மேல் குற்றமில்லை. "வாறன்" என்ற ஒரே சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொடுத்திருந்தார்கள். கருவி பிந்திக் கிடைத்ததை வைத்துக்கொண்டு முந்தியதை விட்டுவிட்டது. எடித் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது தன்னுடைய முகமனை அல்ல, வஸீருடைய விடைபெறலை.

அவன் சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, முகமனை "வந்திட்டன்" என்று மாற்றி, தொடக்க நிரலைப் புதிதாக ஆக்கினாள்.

மொழி எழுந்தது. வந்திட்டன் என்றது. அடுத்த வரிக்காகக் கண்சிமிட்டியபடி காத்திருந்தது.

சிவபாக்கியம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே தட்டச்சிட்டாள். கூட்டச் சொன்னாள், கூட்டியது. தன் பெயரைத் தலைகீழாக எழுதச் சொன்னாள், எழுதியது. பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வேண்டாம், அக்கா."

எடித் தலையை மட்டும் அசைத்தாள்.

"முந்தினதைத் தாங்கோ. ஏன் ஓடிப்போகுதெண்டு என்ரை பிள்ளையள் பிடிக்கட்டும். முதல் பாடம் அதுதான். இது ரெண்டாம் பாடத்துக்கு இருக்கட்டும்."

எடித் தான் திருத்திய சொல்லை அழித்தாள். பழைய பிழையை ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தபடியே எழுதினாள். செபமாலை உருட்டும்போதுகூட அவ்வளவு கவனம் அவளுக்கு இருந்ததில்லை. நிரல் ஒழுங்காக ஓடிவிடக் கூடாதே என்ற வேண்டுதலோடு விசையை அழுத்தினாள்.

சாளரம் மூடிக்கொண்டது. பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முறுவலித்தார்கள்.

மேசையிலிருந்து வஸீரின் குரல், திரும்பவும் போய்விட்டதா என்று பதற்றத்தோடு கேட்டது.

"ஓம்," என்றாள் எடித். "இலுப்பைக்கடவைக்கு."