வேஸ்ட் வாளி

ஒரு இருட்டுப் பெட்டிக்குள் உருகிய வெள்ளீயத் துளிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவற்றிலிருந்து வெளிச்சம் எடுப்பதற்காகப் பக்கத்திலிருந்து லேசர் ஒவ்வொரு துளியையும் இரண்டு முறை அடிக்கும். குறி தவறினால் அந்தத் துளி கீழே இருக்கும் வாளியில் விழும்.

“அக்கா, வாளிக்குப் போயிட்டா பொழச்சுக்கலாம்,” என்றது பின்னால் வந்த சின்னத் துளி.

“அது வேஸ்ட் வாளிடி. அங்க போறதுக்குச் செத்தே போகலாம்,” என்றது முன்னால் போன துளி.

முதல் அடி விழுந்தது. உருண்டையாக இருந்த அக்கா அப்பளம் மாதிரி விரிந்தது.

“பாத்தியா, எவ்ளோ பெருசாயிட்டேன்.”

“பெருசாகலக்கா. மெலிஞ்சு போயிட்ட. ஓரமெல்லாம் கிழியுது.”

“உனக்குப் பொறாமைடி.”

இரண்டாவது அடி விழுந்தது. பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிட அங்கே எதுவும் மிச்சமில்லை.

சின்னத் துளிக்குக் குறி தவறியது. அது நேராக வாளியில் போய் விழுந்தது. அங்கே கிடந்த துளிகள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. ஆனால் மேலேயே பார்த்து அழுதுகொண்டிருந்தன.

“உங்க அக்கா எவ்ளோ பெருசானா?” என்று கேட்டன.

“இவ்ளோ. ஆனா அப்புறம் என்னாச்சுன்னா...”

அதற்குள் அவை அடுத்த துளி விரிவதைப் பார்க்கத் திரும்பிவிட்டன.