அரவிந்தன் வீட்டு ஹால்

“இது நம்ம புள்ள வீடா? நீங்களே சொல்லுங்க” என்றாள் நாகம்மாள்.

 துரைராசு விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

மேசை மேல் ஒரு பொம்மை வீடு. நீளம் ஒரு முழம்கூட இருக்காது. ஹால் மட்டும்தான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அரவிந்தன், “நல்ல வேலை கிடைச்சிருச்சும்மா, தனி வீடு எடுத்துட்டேன்” என்று சொல்லி அனுப்பிய போட்டோவைப் போலவே செய்ய வேண்டும் என்பது பேச்சு.

போட்டோவில் மஞ்சள் திரை. இதில் பச்சை. போட்டோவில் சோபா ஜன்னலைப் பார்த்திருக்கும். இதில் சுவரைப் பார்த்திருந்தது. புத்தக அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டில்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு துரைராசு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பலகை, துணி, கம்பி எல்லாம் ஒரு பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, ஒட்டி, இடுக்கியால் எடுத்து வைத்து வீடாக்க வேண்டும். இதற்கு முன் மூன்று செய்திருக்கிறார். கதவு ஒரு நூல் சாய்ந்தால்கூடப் பிரித்து மறுபடி ஒட்டுகிற ஆள்.

அந்த ஆள்தான் இப்படிச் செய்து வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் நாகம்மாளே அவரோடு கும்பகோணத்துக்குப் போய், யூசுப் பாய் பொம்மைக் கடையில் போனை நீட்டி, “இதுக்குக் கிட்டத்தட்ட எது இருக்கோ அதை வரவழைச்சுக் குடுங்க பாய்” என்று சொல்லிவிட்டு வந்தவள்.

“வெள்ளிக்கிழமை வாங்க, என் பையன் வீட்டைக் காட்டுறேன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். இதையா காட்டுறது?”

“பச்சையும் நல்லாத்தான் இருக்கு.”

“உங்களுக்கு இன்னும் கோபம் தீரல. நிலத்தை விட்டுட்டுப் போனான்னு மூணு வருஷமா அவன்கூட ஒரு வார்த்தை பேசல. இப்ப அவன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சதும் பொறுக்கல. அதை இந்த வீட்டு மேல காட்டுறீங்க.”

 துரைராசு இடுக்கியைத் துடைத்து உறையில் போட்டார்.

சுவாமிமலையிலிருந்து நாகம்மாளின் அண்ணன் குணசேகரன் வந்தார். தங்கையின் போனை வாங்கிப் போட்டோவைப் பார்த்தார். பொம்மை வீட்டைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, பையன் வீட்டை இடிச்சுக் கட்டிட்டீங்களா?”

துரைராசு லேசாகச் சிரித்தார்.

“ஹால்ல போய்க் கட்டில் போட்டிருக்கீங்க.”

“படுக்க ஒரு இடம் வேணும்ல மச்சான்.”

“கண்ணை ஒரு தரம் காட்டிடுங்க. தஞ்சாவூர்ல தெரிஞ்ச டாக்டர் இருக்காரு.”

“காட்டணும்.”

“நல்லா எடுத்துச் சொல்லுண்ணே” என்றாள் நாகம்மாள். “மத்த மூணு வீடு செஞ்சப்ப நல்லாத் தெரிஞ்ச கண்ணு, மகன் வீட்டுக்கு மட்டும் தெரியாமப் போயிடுச்சு.”

பேச்சு வளர வேண்டாம் என்று குணசேகரன் எழுந்தார். “வாங்க மாப்ளே, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சான்னு பார்த்துட்டு வருவோம்.”

இருவரும் போன பிறகு நாகம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையையாவது மாற்றிவிடலாம். மஞ்சள் துணி பெட்டியிலேயேதான் கிடக்கும்.

பரணில் பெட்டி இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. கடைசியில் கொல்லையில், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த தென்னை மட்டைகளுக்கு அடியில், அதன் மூடி மட்டும் நாலாக மடிந்து கிடந்தது. எடுத்து மடியில் விரித்தாள்.

மூடியில் அரவிந்தனின் ஹால் இருந்தது. மஞ்சள் திரை, ஜன்னலைப் பார்த்த சோபா, புத்தக அலமாரி. போனில் இருக்கும் அதே படம்.

‘இவன் வீட்டை இந்தக் கம்பெனிக்காரன் எப்போ போய்ப் படம் எடுத்தான்?’ என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்புறம்தான் ஓரத்தில் இருந்த சின்னப் படம் கண்ணில் பட்டது. யாருடையதோ இரண்டு விரல்கள் அந்தச் சோபாவைக் கிள்ளித் தூக்கிக்கொண்டிருந்தன.

துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.  பிறகு எழுந்து வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தாள். மட்டைக்கு முன்னால் மூடியைத்தான் உள்ளே தள்ளினாள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள்.

“தண்ணி இன்னும் வரல” என்றார் குணசேகரன். “ஏம்மா, நாளைக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள பையன் வீட்டைச் சரி பண்ணப் போறியா?”

“வேணாம்ணே. இவரு செஞ்சதுதான் சரி. அரவிந்தன் திரையை மாத்திட்டானாம். கட்டிலைக்கூட ஹாலுக்குக் கொண்டாந்துட்டானாம். நேத்து போன்ல சொன்னான், நாந்தான் மறந்துட்டேன்.”

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த துரைராசுவின் கை நின்றது.

நாகம்மாள் அவருக்குத் துண்டை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“அங்க இருந்தது போதும், கிளம்பி வந்துடுன்னு அவனுக்குச் சொல்லலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”

துரைராசு துண்டை வாங்கிக்கொண்டார்.

“பெட்டி வந்த அன்னைக்கே போன் பண்ணி நான் சொல்லிட்டேன்” என்றார்.