மழையில் கிடந்த கம்பிகள்

இலங்கை மலைநாட்டு வட்டவளையில் வெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் காலண்டர் படத்தில்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றுவதையே பெரிய தர்மமாக நினைத்தவர், தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் சோலைமலை. தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் தேயிலை ஸ்டோர் என்ற அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களுக்கு வைக்க மறக்க மாட்டார்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு மழையில் தோட்டத்து மரப்பாலங்கள் இரண்டும் ஓடையோடு போய்விட்டன. தோட்ட அதிகாரியான துரை கொங்கிறீட் பாலங்கள் கட்டச் சொன்னார். மேலோடைப் பாலம் அட்டன் கொந்தராத்துக்காரர் நஜீமுக்கு, கீழோடைப் பாலம் பழனியாண்டிக்கு. எவருடைய பாலம் உறுதியாக நிற்கிறதோ, தொழிலாளர் வீட்டு வரிசைகளான புது லயங்கள் கட்டும் வேலை அவருக்கே.

பழனியாண்டி, டீமேக்கர் மனைவி பூரணியின் தம்பி. நாலு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தவன், வருஷக்கணக்காக அக்காள் வீட்டில் மூன்று வேளையும் கூச்சமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லயத்து வேலை கிடைத்தால்தான் தனி வீடு பார்த்துப் போவான். அதற்காகச் சோலைமலை வேண்டாத சாமியில்லை. ஆனால் நஜீம் கைதேர்ந்தவர். சாமியை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது.

கொங்கிறீட்டுக்குள் வைக்க வாங்கிய இருவருடைய இரும்புக் கம்பிகளும் ஸ்டோர் முற்றத்தில், சோலைமலையின் பொறுப்பில்தான் கிடந்தன. நஜீம் தம் கம்பிகளைப் படங்குத் துணி போட்டு மூடிவிட்டு மணல் பார்க்கப் போனார். அவர் தலை மறைந்ததும் சோலைமலை படங்கை உருவி எறிந்தார். மிச்சத்தை வட்டவளை மழை பார்த்துக்கொண்டது.

நஜீம் திரும்பி வந்தபோது கம்பியெல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது. பாழாய்ப்போன காற்று படங்கைத் தூக்கிவிட்டது என்று சோலைமலை உருகி உருகி வருத்தப்பட்டார். வேறு கம்பிக்கு வழியில்லை. நஜீம் தலையில் அடித்துக்கொண்டு, உதிர்கிற துருவைச் சாக்கால் தேய்த்துத் தள்ளிவிட்டு, அதையே வைத்துப் பாலத்தைக் கட்டினார்.

மச்சினன் கம்பிகளுக்கோ மாப்பிள்ளை உபசாரம். சோலைமலையே உட்கார்ந்து இயந்திர எண்ணெயை வழிய வழியப் பூசினார். வேலை தொடங்கும்வரை அவை பளபளவென்று இருந்தன.

"மழத்தண்ணிகூட ஒட்டாது, பாத்துக்க" என்றார். அந்தப் பாசத்தைப் பார்த்துப் பூரணிக்கே ஆச்சரியம்.

கொங்கிறீட் நன்றாக இறுகியபின், உர மூட்டை ஏற்றிய லொறியைப் பாலங்களின் மேல் ஓட்டிப் பார்க்கத் துரை ஏற்பாடு செய்தார். சோலைமலை ஸ்டோரை விட்டு நகர முடியவில்லை. செய்திதான் வந்தது. ஒரு பாலம் உடைந்து லொறி ஓடையில் கிடக்கிறது, டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளச் சோலைமலை படாதபாடு பட்டார்.

மாலையில் துரை, எஞ்சினியர், பொலிஸ் இன்ஸ்பெக்டர் மூவரும் ஸ்டோருக்கு வந்தார்கள். பின்னால் நஜீமும் பழனியாண்டியும். கம்பிகளை யாரோ வேண்டுமென்றே கெடுத்திருப்பதாகச் சந்தேகம் என்றார் இன்ஸ்பெக்டர். சோலைமலை ஓரக்கண்ணால் நஜீமைப் பார்த்தார். படங்கை உருவியதை யாராவது பார்த்துவிட்டார்களா?

"பழனியாண்டி கம்பிக்கு எண்ணெ பூசினது யாரு?"

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டதும் சோலைமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான்தாங்க. என் கையாலேயே பூசினேன். வேற யாரையும் கிட்ட விடலைங்க."

"ஒடஞ்சது அந்தப் பாலந்தான். எண்ணெ பட்ட கம்பிய கொங்கிறீட் பிடிக்காதாம். இழுத்தா கையோட வருது. மச்சினனக் கெடுக்கத்தானே பூசினீங்க?"

சோலைமலைக்கு உலகமே தலைகீழானது. தம் நல்ல மனதை எப்படியாவது நிரூபித்தாக வேண்டும்.

"கெடுக்கணும்னா மழையில போட்டிருப்பேனுங்களே, நஜீம் கம்பியப் போட்ட மாதிரி."

சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. எஞ்சினியர் சிரித்துவிட்டார். லேசாகத் துருவேறிய கம்பி சொரசொரப்பாக இருக்கும், கொங்கிறீட் அதை விடாமல் கவ்விக்கொள்ளும், மேலோடைப் பாலம் அசையாமல் நிற்பது அதனால்தான் என்று விளக்கினார்.

சதிக்கு ஆளான நஜீம் சோலைமலையின் கைகளைப் பிடித்து நன்றி சொல்ல, உதவி பெற்ற மச்சினன்தான் புகாரில் கையெழுத்துப் போட்டான்.