முப்பது விநாடிக் கச்சேரி

ஓய்வுபெற்ற தாசில்தார் சாரங்கபாணி, தானே பாடி, சொந்தச் செலவில் வெளியிட்ட தன் பக்திப் பாடல்களிலிருந்து முப்பது விநாடியை வெட்டி, தன் செல்போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டார். ஆனால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் வீட்டுக்கு யாராவது வந்தால், மனைவி பத்மாசனி அடுக்களையிலிருந்து அவருக்கு போன் அடிக்க வேண்டும். அவர் எடுக்க மாட்டார். தொடையில் தாளம் போட்டபடி கடைசிவரை கேட்டுவிட்டு, "நடுவுல நிறுத்தினா பாட்டுக்கு அவமரியாதை" என்பார். ஆறு வருஷமாக, ஒரு கையால் காபியை ஆற்றிக்கொண்டே இன்னொரு கையால் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று பத்மாசனி பித்தப்பை ஆபரேஷனுக்காக, பச்சை அங்கியில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். "நாலு பேர் வரா, அனுப்பிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு சாரங்கபாணி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

"கூட இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டாத்தாம்மா உள்ள கொண்டுபோவோம். டாக்டர் சத்தம் போடுறாரு" என்றாள் நர்ஸ்.

பத்மாசனி போன் அடித்தாள். மணி முழுக்க அடித்து நின்றது. மறுபடியும் அடித்தாள்.

"எடுக்கலையாம்மா?"

"எடுக்க மாட்டார். கேட்டுண்டிருப்பார்."

மூன்றாம் தடவை அடிக்கும்போது, வீட்டுக்கு வந்தவர்களில் யாரோ மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு தரம் கேட்கலாமே என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

நர்ஸ் படிவத்தில் எழுதியிருந்த பெயர்மேல் பேனாவை ஊன்றினாள். "இந்த சாரங்கபாணிங்கிறவரு உங்களுக்கு என்ன வேணும்மா?"

பத்மாசனி போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

"பாடகர்னு போட்டுக்கோம்மா."