வீட்டுக்கு ஒரு வக்கீல்

"ஸ்காலர்ஷிப் எனக்குத்தான் சார் வேணும். பையனுக்கு விட்டுக் குடுக்க மாட்டேன்."

மனைவி ஹம்சா பிரின்சிபாலிடம் சொன்னதைக் கேட்டு வரதராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது!

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பிள்ளைக்குத் துணையாக எழுதுகிறேன் என்றுதான் ஆரம்பித்தாள். கடைசியில் இந்த நாற்பத்தெட்டு வயசுக்காரி தீபக்கை முந்திக்கொண்டு ரேங்க் வாங்கிவிட்டாள். இங்கேயோ ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்காலர்ஷிப்தான். அது கிடைக்காவிட்டால் பணம் கட்டி தீபக்கைச் சேர்க்க வரதராஜனால் முடியாது.

பிரின்சிபாலுக்கே சங்கடமாகிவிட்டது.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா? சரி, ஆளுக்குப் பாதியா பிரிச்சுத் தரேன்."

"பாதியெல்லாம் வேண்டாம் சார். முழுசும் எனக்கு. இல்லேன்னா என் ரேங்கை எந்த ரூல்ல தாண்டறீங்கன்னு எழுதிக் குடுங்க."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். "இப்பவே வாதாட ஆரம்பிச்சிட்டீங்களே! எடுத்துக்கோங்கம்மா."

வராந்தாவுக்கு வந்ததும் வரதராஜன் வெடித்தார்.

"வெட்கமாயில்லே உனக்கு? வீட்டுக்கு ஒரு வக்கீல் வேணும்னு எத்தனை வருஷமா தவம் கிடக்கேன்! மௌலா அலி காலனி பூரா சொல்லி வெச்சிருக்கேன். பிள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டியே! சீட் கவலையில ஒரு மாசமா சரியா சாப்பிடக்கூட இல்லை அவன்."

தலை குனிந்து நின்ற தீபக்கின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பாரு, அழறான்! நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

சட்டென்று தீபக் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

"தேங்க்ஸ்மா... ரொம்ப தேங்க்ஸ்!"

வரதராஜன் அவனைத் தன் பக்கம் திருப்பினார்.

"தேங்க்ஸா? கைக்குடா? எதுக்குடா தேங்க்ஸ்?"

"எனக்கு லா நக்கோ டாடி, வேண்டவே வேண்டாம். கேட்டரிங் படிக்கறேன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்! கரண்டி பிடிக்கறதுக்கா உன்னைப் பெத்தேன்னு கத்தினீங்களே... ஸ்காலர்ஷிப் வந்துடக் கூடாதேன்னுதான் சோறு இறங்கலை."

ஹம்சா புடவைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்கு ஒரு வக்கீல்தானே கேட்டீங்க? நான் ஆயிடறேன். பிள்ளையை விட்டுடுங்க."