ஒட்டுப்போட்ட கார்

வெல்டர் கடப்பாரையை ஓங்கி அடித்ததில் வெள்ளைக் காரின் முன்கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த அடியில் கதவு நெளிந்தது.

பழைய கார் விற்கும் முதலாளி அறையிலிருந்து ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார். "பைத்தியம் பிடிச்சிருச்சாடா? சாயங்காலம் டெலிவரிடா!"

விபத்தில் பிளந்து, வெல்டிங் வைத்து ஒட்டிய காரை இனிமேல் சொல்லித்தான் விற்க வேண்டும். மறைத்தால் உரிமம் ரத்து. புது விதி நாளைக்கு அமலுக்கு வருகிறது. அதனால்தான் இன்றைக்கே தள்ளிவிட அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டினதே நீதானடா! இப்ப என்ன திடீர் யோக்கியன்?" என்று முகத்தில் குத்தினார்.

உதடு கிழிந்தும் வெல்டர் நிற்கவில்லை. திமிறிக்கொண்டு போய், தான் ஒட்டிய இடத்திலேயே கடப்பாரையைச் செருகி நெம்பினான். காரின் அடித்தட்டு வாய் பிளந்தது.

முதலாளி அவனைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார். "வாங்கினவன் உனக்கு மாமனா, மச்சானா?"

அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல முதலாளி. உங்களுக்கு மாப்பிள்ளை. நீங்க காசு வாங்க மாட்டீங்கன்னு சிநேகிதர் பேர்ல எடுத்திருக்கார். உங்க பொண்ணையும் பச்சக்குழந்தையையும் ஆஸ்பத்திரியிலேருந்து இதுலதான் கூட்டிட்டு வரப் போறாராம். காலையில அவரே சொன்னார்."

முதலாளி கண்ணாடித் தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?"

"சொல்லியிருந்தா, அவருக்கு வேற வண்டியைக் கொடுத்துட்டு, இதை வேற யார் தலையிலயாவது கட்டியிருப்பீங்க."