மூலையில் ஒட்டிய பெருமாள்

கம்ப்யூட்டரில் தேதி இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று.

சுதீர் சரி செய்து பார்த்தான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் மறுபடியும் அதே ஜனவரி ஒன்று.

மதர்போர்டில் மாத்திரை மாதிரி இருக்கும் பேட்டரி செத்திருந்தது. மாற்றுவது சின்ன வேலைதான். கைதான் ஓடவில்லை.

சந்திரகிரியில் சம்பத்தின் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை அது. பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு வழி உண்டு. அவர்கள் கேள்வியோடு வந்து உட்காரும் நேரத்தையே எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பலன் சொல்லிவிடும்.

பிரமிளாவுக்குப் பிறந்த நேரம் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டர் சரி என்று சொன்னால்தான் பெண் கொடுப்பேன் என்று அவள் அம்மா கிருஷ்ணம்மா ஒரே பிடியாக நின்றார். வைகாசியில் வந்து கேட்டார். சரி என்றது.

சுதீருக்கும் பிரமிளாவுக்கும் அடுத்த வாரம் கல்யாணம்.

மாப்பிள்ளை இவன்தான் என்று சம்பத்துக்குத் தெரியாது. திருப்பதி சர்வீஸ் கடையிலிருந்து அனுப்பினார்கள், வந்திருந்தான்.

“எப்பலேர்ந்து சார் இப்டி கீது?”

“யாருக்குப்பா தெரியும்?”

தெரிய வழியில்லைதான். திரையில் மணி காட்டும் மூலையில் பெருமாள் படத்தை ஒட்டி, தினம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கடை சாத்தும்போது மெயினையும் அணைத்துவிடுவார். கம்ப்யூட்டர் தினமும் காலையில் அதே பழைய வருஷத்தில் விழித்துக்கொண்டது.

பேட்டரி பச்சை பூத்திருந்தது. செத்து ஒரு வருஷமாவது இருக்கும். கிருஷ்ணம்மா வந்து கேட்ட வைகாசி அதற்கு எவ்வளவோ பிறகு.

சம்பத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்போ வந்தவங்க எல்லாரையும் கூப்ட்டு திருப்பிப் பாத்துடணும்பா. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?”

இரண்டாவது முறை கேட்டு, இல்லை என்று வந்தால் போச்சு. பந்தல்காரன் கம்பு நட்டபிறகும் கிருஷ்ணம்மா கல்யாணத்தை நிறுத்துவார்.

“வேணாம் சார். உங்க சாப்ட்வேர் டைமை உள்ள தனியா வெச்சிருக்கும். இது சும்மா வெளில காட்றதுதான்.”

சுத்தப் பொய். பெருமாளைப் பார்க்காமல் சொன்னான்.

சம்பத் நம்பிவிட்டார். அட, இவ்வளவு சுலபமாகவா!

சுதீர் புதுப் பேட்டரி போட்டு, தேதியையும் மணியையும் சரிசெய்து, மூடியை முடுக்கினான். கிளம்பும்போது ஒரு பேச்சுக்குக் கேட்டான். “படம் மறைச்சிக்கினு இருந்துச்சே, யார் சார் கண்டுபுடிச்சது?”

“புத்தூர்லேர்ந்து கிருஷ்ணம்மான்னு ஒருத்தங்க. நேத்து பொண்ணு கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தாங்க. பொருத்தம் கேக்க வந்த அன்னிக்கே, படத்தத் தொட்டுக் கும்புட்றப்போ ஓரம் பேந்துக்கிச்சாம். தேதியப் பாத்துக்கினே அமுக்கி ஒட்டிட்டு, வாயத் தொறக்காம போயிருக்காங்க.”

ஸ்க்ரூ டிரைவர் சுதீர் கையிலேயே நின்றது.

சம்பத் தலையை ஆட்டினார். “‘எங்களுக்கு வேண்டியது வந்துட்ச்சி நைனா, இனிமே வர்றவங்களுக்காவது சரி பண்ணி வை’ன்றாங்க. இன்னா நெஞ்சழுத்தம் பாரு!”

சுதீர் குனிந்து பெருமாளைப் பார்த்தான். ஓரம் இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

கட்டைவிரலால் அமுக்கி ஒட்டினான்.